டாக்டர் சொல்லும் முன்னே நாம் சொல்லிவிடலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்த நம்மை ஓர் அம்மா ஓரமாகக் கூப்பிட்டார். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, நீங்க பேப்பர்ல எழுதுறவங்க, நாலு விஷயம் தெரிஞ்சவங்க. எக்ஸ்ரேயில நிழல் இருக்குன்னா புத்துநோய்தானே? மறைக்காம சொல்லுங்க."

அவர் கணவருக்கு வயது 52. குலை வெட்டுகிறவர். தீபாவளிக்கு முன்னே பிடித்த இருமல் நிற்கவே இல்லை. சீனர் மருந்துக்கடைத் தண்ணி மருந்து, கசாயம், மிளகு ரசம் எல்லாம் ஆயிற்று. ஒருநாள் காலையில் துப்பியதில் ரத்தம் கலந்திருக்கவே பயந்துபோய் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். சளியைச் சோதித்தார்கள், காசநோய்க் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், வலது பக்க நெஞ்சில் ஒரு நிழல். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஊசி விட்டுச் சதை எடுக்க ஒரு தேதி, முடிவு கேட்க இன்னொரு தேதி. நாம் பார்த்தபோது ஸ்கேன் முடிந்து, சதை எடுக்கும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

"தெரியாது தங்கச்சி. சோதனை முடிகிற வரைக்கும் டாக்டருக்கே தெரியாது" என்றோம். உண்மையைத்தான் சொன்னோம். ஆனாலும் அந்த அம்மாவுக்கு அது ஒரு பதிலாகப் படவில்லை என்பதை முகமே காட்டியது.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சளி கட்டியிருக்கு, மருந்துல கரைஞ்சிடும்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவாரு."

கதை இதோடு முடியவில்லை. நாம் புறப்படும்போது அந்த மனிதரே மோட்டார் வரைக்கும் கூட வந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணே, அவ உங்ககிட்ட ஏதோ கேட்டான்னு தெரியும். எனக்கு இது என்னான்னு புரிஞ்சு போச்சு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா" என்றார்.

என்ன கொடுமை இது! ஒரே வீடு, ஒரே பாய். அவர் தாங்க மாட்டார் என்று இவரும், இவர் தாங்க மாட்டார் என்று அவரும் இரண்டு மாதமாக ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறார்கள். அவர் இருமினால் இவர் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்கிறார். இவர் அழுதால் அவர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சதை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடப் போகிறவரே அவர்தான், அவருக்கா தெரியாது?

இப்படி மறைப்பதை அன்பு என்று நம் மக்கள் காலம் காலமாக நம்பி வருகிறார்கள். நாமும் இதைச் செய்தவர்தான். பல வருடங்களுக்கு முன் நம் சொந்த அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டுக்கு வெளியே டாக்டரை நிறுத்தி, "அவரிடம் சொல்லாதீர்கள்" என்று கெஞ்சினோம். கடைசி நாட்களில் அண்ணன் நம்மிடம் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டும்தான் பேசினார். பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும், யாரிடம் கடன் இருக்கிறது, எதையும் சொல்லவில்லை. நாம் நடிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அவரும் நம்மோடு சேர்ந்து நடித்தார். அது இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்குள்ளே இப்படி என்றால், வெளியே லயத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த ஆள் தண்ணீர் குடித்த கிளாசைத் தனியாக எடுத்து வைத்தார்களாம் ஒரு வீட்டில். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் நிழல்னாங்க, மூணே மாசம்" என்று ஒருவர். "சின்ன வயசிலிருந்து ஊதித் தள்ளினான்ல, இப்ப அனுபவிக்கிறான்" என்று இன்னொருவர். "பாவம், பிள்ளைகளை வச்சுக்கிட்டு இவ என்ன பண்ணப் போறா" என்று குழாயடியில் ஒரு கூட்டம். கணவன் உயிரோடு குலை வெட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணின் நெற்றிப் பொட்டை இவர்களே வாயால் அழித்துவிட்டார்கள்! டாக்டர் சொல்லாததைச் சொல்ல இவர்கள் யார் என்று கேட்கிறோம். இத்தனைக்கும் அவரோடு ஜோடியாக வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல், உயரமான மரங்களையெல்லாம் தாமே வெட்டிக்கொண்டு, இவருக்குக் குட்டை மரங்களை விட்டு வைக்கிறாராம்.

நெஞ்சில் நிழல் என்றால் அது புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பழைய காசநோய்த் தழும்பு, நிமோனியா, சீழ்க்கட்டி, கெடுதல் இல்லாத கட்டி, எல்லாமே எக்ஸ்ரேயில் நிழலாகத்தான் விழும். சளியை முதலில் பார்த்தபோது கிருமி தெரியவில்லை என்பதால் காசநோய் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். சிகரெட்டுதான் நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத பெண்களுக்கும் அது வருகிறது. ஆகவே வழக்கு விசாரிப்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அந்த மனிதர் சிகரெட்டை நிறுத்தி எட்டு வாரம் ஆகிறது. அதற்காக அவரை ஒரு வார்த்தை பாராட்டியவர் உண்டா?

"ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறார்கள்? வேண்டுமென்றே அலைய விடுகிறார்கள்" என்ற கோபம் நியாயமாகத் தோன்றும். சில இடங்களில் நியாயம்தான். ஸ்கேன் மெஷினுக்கு வரிசை நீளம், டாக்டர்கள் குறைவு. ஆனால் எடுத்த சதை அன்றைக்கே பதில் சொல்லாது. அதை மருந்தில் ஊற வைக்க வேண்டும். மெழுகில் பதிக்க வேண்டும். முடியைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். சாயம் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் வேறு சாயம், வேறு நாள். புற்றுநோய்தான் என்று தெரிந்தாலும் எந்த வகை என்று பார்த்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். சில வகைகளுக்கு இப்போது மாத்திரைகூட இருக்கிறது. அதற்கும் தனிச் சோதனை உண்டு. தேதி தள்ளிப் போனால் செய்தி கெட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த தேதி தாண்டியும் சத்தமே இல்லையென்றால், கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். காகிதம் தவறிப்போவதும் உண்டு.

இந்தக் காத்திருப்பு நாட்களில்தான் நம் ஆட்கள் திசை மாறிப் போகிறார்கள். டவுனில் யாரோ பொடி கொடுக்கிறார், ஒரு பொட்டலம் 300 வெள்ளி என்று இந்த அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்கள். அடகு வைக்கத் தாலிக்கொடி வரைக்கும் கை போயிருக்கிறது. கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? பூசைக்காக ஸ்கேன் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் மூன்றாவது, நான்காவது கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலை "புகை மூட்டம்", "உரத் தூசி" என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

ஏன் இருந்துவிடுகிறோம்? இதையும் நேர்மையாகப் பேச வேண்டும். முன்பு தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரெசர் இருந்தார். இப்போது கிளினிக்கில் ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு ஐந்து வெள்ளி என்றாலும், வேன் வாடகையும் போன சம்பளமும்தான் ஆளை விழுங்குகின்றன. அதற்கும் மேலே ஒரு பயம். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்த மனிதர் மண்டோரிடம் இருமலை மறைத்ததற்கு அதுதான் காரணம். அந்த அம்மா ராத்திரியெல்லாம் விழித்துக் கணக்குப் போடுவதும் அதைத்தான். நோயைப் பற்றி அழுகிறார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் கண்முன்னே நிற்பது சாமான்கள் ஏற்றிய லோரி!

தெரியாமல் பயப்படுவதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இது தனிக் கணக்கு. சொக்சோ என்றால் வேலையில் அடிபட்டவனுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, நோயால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் அதில் ஓய்வூதியம் உண்டு. எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதைச் சங்கக் கிளையிலோ சொக்சோ அலுவலகத்திலோ கேளுங்கள். புற்றுநோய் என்றே ஆகிவிட்டால் இ.பி.எப். பணத்தில் சிகிச்சைக்கு எடுக்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் முடிவு வந்த பிறகு தேடுவதைவிட, சும்மா உட்கார்ந்து கலங்கும் இந்த நாட்களிலேயே தேடலாம். கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசுக்கும் கொஞ்சம் பிடிமானம்.

நாம் அந்தத் தம்பதியிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம். வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே போய், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, "அவர் சொன்னதை உங்களிடமும் நீங்கள் சொன்னதை அவரிடமும் மறைக்க நம்மால் முடியாது. இரண்டு பேருக்கும் தெரியும். இனி நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம். தலையிட்டது சரியா தப்பா என்று வழியெல்லாம் யோசனைதான்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தோம். சதை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மா தேநீர் கலக்கிக்கொண்டே, "ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம்ணே" என்றார். நோயைப் பற்றியா என்று கேட்டோம்.

"அது கொஞ்சம்தான். வீட்டைப் பத்தித்தான் பேசினோம். எங்க அக்கா தாமான்ல ஒரு ரூம் தர்றேன்னு சொன்னதை இவருகிட்ட சொல்லவே பயந்துக்கிட்டு இருந்தேன். இவரு அதையே மனசுல வச்சிருந்திருக்காரு. அப்புறம் மூத்தவகிட்டயும் சொல்லிட்டோம். எஸ்.பி.எம். பரீட்சை எழுதுற பிள்ளை, சொல்ல வேணாம்னு நெனைச்சோம். அவ எல்லாத்தையும் எப்பவோ கேட்டுட்டாளாம்."

அந்த மனிதர் குறுக்கே வந்து, "நாலு நாளாத்தான் இவ சரியா தூங்குறா" என்றார். "நீங்க மட்டும் தூங்குறீங்களாக்கும்" என்றார் அம்மா.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை மகளின் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழு கேள்விகள். கடைசிக் கேள்வி அவருடைய கையெழுத்தில்: வேலைக்குப் போகலாமா? டாக்டர் அறைக்குள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போவது என்று முடிவு.

முடிவு சொல்லும் நாள் வரும் செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு வேன். முன் சீட்டு ஒன்று காலியாக இருக்கிறது என்றார்கள், நாமும் போகிறோம்.