'டிரைவர் இல்லை' என்று வந்தால் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கல்லூரிப் பிள்ளையும் லேப்டாப்பும் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் இப்போது பலரும் பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் செய்ய உட்கார்கிறார்கள். பாதியில் திரையில் ஒரு செய்தி வருகிறது: டிரைவ் எதையும் காணவில்லை, ஸ்டோரேஜ் டிரைவரை ஏற்றுங்கள் என்று. டிஸ்க் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டிக் கடைக்கு ஓடுகிறோம்.

அந்தச் செய்தியை மட்டும் வைத்து டிஸ்கை மாற்றச் சொல்வது தவறு. மாற்றச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்க நாம் பழக வேண்டும். இதுதான் நான் சொல்ல வருவது.

நான் கணினி படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியர் மாறுதலாகி வருகிறார். ஆய்வகத்தின் சாவி அவர் கையில் இல்லை. அதற்காகப் பள்ளியில் ஆய்வகமே இல்லை என்று எழுதி வைப்பாரா? இன்ஸ்டால் ஆக வரும் விண்டோஸ்தான் அந்தப் புதுத் தலைமையாசிரியர். டிரைவர் என்பது சாவி. டிஸ்க் பூட்டிய அறைக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது.

சாவி ஏன் இல்லை? இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசசரிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கும் நிலையிலேயே வருகிறது. டிஸ்க் அதன் பின்னால் நிற்கிறது. லேப்டாப் கம்பெனி முதலில் போட்டுத் தரும் விண்டோஸில் அதற்கான டிரைவர் சேர்ந்தே இருக்கும். நாம் பென்டிரைவில் இறக்கும் விண்டோஸில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் நேற்று வரை ஓடிய டிஸ்க் இன்று 'காணவில்லை'.

எங்கள் தெருவில் ஒரு தையல்காரரின் மகள், கடைசி வருடம் படிப்பவள். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு அவள் லேப்டாப் ஆன் ஆகவில்லை. கடையில் கொடுத்தார்கள். "எஸ்எஸ்டி போயிடுச்சு, புதுசு 4,500 ரூபாய், உள்ளே இருந்ததெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழுதது பணத்துக்காக இல்லை. புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. அப்பா பணம் புரட்டுவதற்குள் இங்கே கொண்டுவந்தாள். பயாஸைத் திறந்தோம். எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் தெளிவாக இருந்தன. டிரைவரை ஏற்றியதும் பட்டியலில் சி, டி இரண்டு பகுதிகளும் வந்தன. சி-யில் மட்டும் விண்டோஸ் போட்டோம். டி-யில் இருந்த புராஜெக்ட் அப்படியே கிடைத்தது. செலவு ஒரு பைசா இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி பயாஸுக்குப் போங்கள். அங்கே டிஸ்க் பெயர் தெரிந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் பிரச்சினை. அங்கேயும் தெரியாவிட்டால்தான் டிஸ்க் மீதோ அதன் இணைப்பு மீதோ சந்தேகப்பட வேண்டும்.

2. வேறொரு கணினியில், உங்கள் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் (ஆர்எஸ்டி) டிரைவரை இறக்குங்கள். பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான். இறக்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலருக்குப் புரியாது. அதை விரித்து, ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு உள்ள ஃபோல்டரைப் போட வேண்டும்.

3. செய்தி வரும் திரையில் 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். டிஸ்க் வந்துவிடும்.

4. பயாஸில் விஎம்டியை அணைத்துவிடு என்று வீடியோக்களில் சொல்வார்கள். டிஸ்கில் ஒன்றுமே வேண்டாம் என்றால் செய்யலாம். பழைய விண்டோஸ் இன்னும் வேண்டும் என்றால் தொடாதீர்கள், அது ஆன் ஆகாமல் போகலாம். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீ கையில் இல்லாமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள்.

இந்தக் குழப்பம் புதிதில்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 இன்ஸ்டாலரில் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கிடையாது. நீலநிறப் போர்ட்டில் பென்டிரைவைச் செருகினால், தொடங்கிவிட்டு நடுவில் நின்று "சிடி, டிவிடி டிரைவர் இல்லை" என்று சொல்லும். சிடி டிரைவே இல்லாத லேப்டாப்பிலும் அதையே சொல்லும்! பென்டிரைவைப் பிடுங்கிப் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். கோப்பு சரியாக இறங்காமல் இருந்தாலும் அதே செய்திதான். வகுப்பில் யார் பேசினாலும் முதல் பெஞ்சு பையனையே எழுப்பி நிறுத்தும் வாத்தியார் மாதிரி.

கடைக்காரர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு இருபது மெஷின் வரும் கடையில், தேடிப் பார்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவது சுலபம். அந்தச் சுலபத்துக்கு விலை கொடுப்பது தையல்காரர்கள்.

"இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு எதற்கு சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்ட நாம் எல்லோரும் கற்றுக்கொள்ளவில்லையா? நம் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடத்தில் எந்த மெனுவில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்யச் சொல்லித் தருகிறோம். திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தால் அதை முழுதாகப் படி, எழுதி வை, எதனால் வரும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார் என்று ஒரு பீரியடாவது சொல்லித் தரலாம். லேப்டாப் கம்பெனிகளும் அந்த ஒரு டிரைவரை எங்கே எடுப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். பெரிய செலவு இல்லை.

அதுவரை, டிஸ்க் போய்விட்டது என்று யாராவது சொன்னால், பணம் எடுக்கும் முன் இந்த ஒன்றைக் கேளுங்கள்: "பயாஸில் டிஸ்க் தெரிகிறதா? கொஞ்சம் காட்டுங்கள்."

தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.