கரிசலில் மனைக்கல்

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எட்டயபுரத்தை நெருங்கும்போது, சில ஆண்டுகளுக்கு முன்புவரை இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல்தான். புரட்டாசியில் விதைக்கிற உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் இன்றும் இருக்கின்றன. ஆனால் இடையிடையே உழவு நின்றுபோன புஞ்சைகளில் வர்ணம் அடித்த மனைக்கற்கள் வரிசையாக முளைத்திருக்கின்றன. சரள் விரித்த வீதிகள், முகப்பில் வளைவு, வளைவில் ஏதோ ஒரு ‘நகர்’. குறுக்கக் கணக்கில் விலை பேசிய நிலத்துக்கு இப்போது சென்ட் கணக்கில் விலை சொல்கிறார்கள். இதே சாலை தூத்துக்குடியைத் தொடும் பக்கத்தில், சில்லாநத்தம் சிப்காட்டில், வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இனி இந்தக் கற்கள் குறையப்போவதில்லை, கூடத்தான் போகின்றன.

எட்டயபுரம் பேரூராட்சிக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் ஓடை, வாய்க்கால், கண்மாய் வரத்துகளைக் குறித்த முழுமையான நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாராகும்வரை, சாலையோரக் கரிசலில் புதிய மனைப்பிரிவு எதற்கும் அனுமதி தரக் கூடாது என்பது நம் நிலைப்பாடு. யாரும் வீடு கட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வீடு நிற்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

கரிசல் மற்ற மண்ணைப் போன்றதல்ல. மழை விழுந்தால் ஊறி உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் அஸ்திவாரத்தை ஆட்டிப் பார்க்கிறது. செம்மண்ணில் தோண்டுவதுபோல இங்கும் வானம் தோண்டி, கல் அடுக்கி, மேலே பெல்ட் போட்டு எழுப்பிய வீட்டில் இரண்டு மூன்று மழைக்குள் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். அதைப் பூசி மறைப்பார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடியும் திறக்கும். நகைக்கடன் வாங்கிக் கட்டியவர் கொத்தனாரைக் குறை சொல்கிறார். கொத்தனார் சிமெண்டைக் குறை சொல்கிறார். மண்ணைப் பற்றி மனை விற்றவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அனுமதி தந்த அலுவலகமும் கேட்கவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அடிப்பக்கம் குமிழ்போல அகன்ற கான்கிரீட் தூண்களை மண் அசையாத ஆழம்வரை இறக்கி, அவற்றின் தலையை விட்டங்களால் இணைத்து, அதன்மேல் சுவர் எழுப்பும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே பல பத்தாண்டுகளுக்கு முன்பு வகுத்துத் தந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணயத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. எட்டயபுரத்தில் அறுநூறு சதுர அடியில் வீடு கட்டும் ஒருவருக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே கடற்கரைப் பக்கம் போனால் வீடு வேறு மாதிரி. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் பழைய வீடுகளின் சுவரில் கடலிலிருந்து எடுத்த பவளக்கல் இருக்கும். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடமாட விட்ட முடுக்குகள் உண்டு. நெருக்கமாகக் கட்டிய ஊரிலும் நிழலும் காற்றும் வழியும் எப்படிக் கிடைக்கும் என்பதை அந்த முடுக்கில் நடந்தால் தெரிந்துகொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கம் திண்ணை, தார்சா, பட்டாசல், அடுப்படி, புறவாசல் என்று நீளவாக்கில் போகும் வீடுகள். செட்டிநாட்டில் முன்தெருவில் நுழைந்து பின்தெருவில் வெளியேறும் வளவு வீடுகள். கூரைத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் இறங்கும். யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு, சுற்றிப் பனையோலை வேலி. ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணிலும் மழையிலும் அடிபட்டுத் தேறியது.

பழையது எல்லாம் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. பவளக்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மன்னார் வளைகுடாவில் நாம் கொடுத்த விலை பெரிது. 21 தீவுகள் அடங்கிய கடல் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட பகுதியில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறையை அள்ளியது அதற்கு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் தேய்ந்து, அதைக் காக்கச் செயற்கைப் பவளத் திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டி வந்தது. கரையில் வீடு எழுந்த கணக்கைத் தீவுகள் தீர்த்தன. கரிசலில் அதே கணக்கை ஓடைகளும் கண்மாய்களும் தீர்க்க வேண்டி வரும்.

இப்போது கட்டப்படும் வீடுகளில் இந்த வேறுபாடு எதையும் காணோம். கடற்கரையில், கரிசலில், தேரிமண்ணில் ஒரே வரைபடம், ஒரே கான்கிரீட் கூரை, ஒரே கண்ணாடி முகப்பு. இன்னொரு பக்கம், எல்லை தாண்டி வந்த ‘கேரளா மாடல்’ மோகம். கேரளத்தில் 2001-இல் 26 விழுக்காடாக இருந்த நகர மக்கள்தொகை 2011-இல் 47.7 விழுக்காடானது. பெரும்பகுதி புதிய நகரம் கட்டியதால் வந்ததல்ல. ஊரோடு ஊர் வீடுகளால் இணைந்துபோனதால் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போனால் எங்கே ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்வது கடினம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும், வீட்டுக்கு வீடு கிணறும் தென்னையும் இருப்பதால் அந்தப் பரவலை அந்த மண் இவ்வளவு காலம் தாங்கியிருக்கிறது. அவர்களே வயல் போய்விடும் என்று அஞ்சி 2008-இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மாவட்டத்தின் மழை அதில் கால்பங்குக்கும் குறைவு. இங்கே வீடுகளை மைல் கணக்கில் சிதறவிட்டால், ஒவ்வொரு வீதிக்கும் குடிநீர்க் குழாயும் மின்கம்பமும் குப்பை வண்டியும் அனுப்பப் பேரூராட்சியால் முடியுமா? முடியாது என்பதை ஏற்கெனவே உள்ள நகர்களில் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கும் குடங்கள் காட்டுகின்றன.

தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட்டவுன் எழத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒரே அச்சில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். சாமானியனுக்கும் வீடு என்ற வாக்குறுதி நிறைவேறியது. ஆனால் வெள்ளையர் அல்லாதோர் அங்கே குடியேறக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள்.

இதை நினைவூட்டக் காரணம் உண்டு: யார் எங்கே குடியிருக்கலாம் என்ற கேள்வி நம் ஊரிலும் இருக்கிறது. எட்டயபுரத்தின் பழைய ஊர் நெருக்கமானது. பாரதி பிறந்த வீட்டையும் உமறுப்புலவர் தர்காவையும் முத்துசாமி தீட்சிதர் நினைவிடத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். அந்த நெருக்கத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் நம் ஊர்களில் தெரு என்றால் சாதி என்பதையும் மறைக்கக் கூடாது. பழைய தெருவில் காலி மனை கிடந்தாலும் பணம் இருந்தாலும் எல்லோராலும் வாங்க முடிந்ததில்லை. சாலையோர மனைப்பிரிவில் பணம் கட்டினால் பத்திரம் கிடைக்கிறது. யார் என்று கேட்பது குறைவு. ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் அரசு வேலைக்கு வந்த முதல் தலைமுறை ஊரைவிட்டுத் தள்ளி மனை வாங்குவது ஆடம்பரத்துக்காக அல்ல. இந்த நியாயத்தை ஏற்காமல் ‘ஊருக்குள்ளேயே கட்டுங்கள்’ என்று உபதேசிப்பவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்; கேட்கவும் வேண்டியதில்லை. யார் பக்கத்தில் யார் வீடு என்பதை அரசே முடிவு செய்ய முடியும் என்பதை 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் காட்டியது: நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்க்கு. ஊரை ஒட்டி, திட்டமிட்டு, நீர்வழியை விட்டு, எல்லோருக்கும் பொதுவான தெருக்களை அரசு அமைக்கட்டும். அப்போது யாரும் சாலையோரத்துக்கு ஓட வேண்டியிராது.

நிலம் விற்கிற விவசாயியையும் நாம் குறை சொல்லமாட்டோம். மானாவாரியில் நாலு வருடத்துக்கு ஒருமுறை கையைச் சுடுகிற வெள்ளாமையை வைத்து மகளுக்குக் கல்யாணம் செய்ய முடியாதவர், தரகர் காட்டும் தொகைக்குத் தலையாட்டுவதில் வியப்பென்ன? கேள்வி கேட்க வேண்டியது ஆட்சியை. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. கட்டணம் கட்டியவர்களுக்குத் தாள் சரியானது; அந்த மனைகளில் தூர்ந்துபோன வாய்க்கால் திரும்ப வெட்டப்படவில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வீதி அகலத்தையும் பூங்கா இடத்தையும் கவனமாகச் சொல்கின்றன. மண் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு மனைப்பிரிவு அனுமதியில் உரிய இடம் இல்லை. நஞ்சை போனால் கொஞ்சமாவது பதறுகிறார்கள். புஞ்சை போனால், அதுவும் மானாவாரிக் கரிசல் போனால், தரிசுதானே என்கிறார்கள். நாட்டுக்குப் பருப்பு தருகிற மண் அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடியின் புறநகர்த் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தப்பாது என்பது உண்மை. ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர் ஒரு நாளில் வடிந்தது, எந்தத் தெருவில் பத்து நாள் நின்றது என்பதை அங்கே மனை வெட்டிய நாளே முடிவு செய்துவிட்டது. எட்டயபுரத்தில் ஓடைகள் ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். காய்ந்த ஓடை வாங்க வருகிறவர் கண்ணுக்கு ஓடையாகத் தெரியாது. மனைப்பிரிவு வரைபடத்தில் அது ஒரு வீதியாகிவிடும்.

ஆகவே, வருவாய்த் துறை தன் பழைய நில அளவைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கி, எட்டயபுரம் வட்டத்தில் ஒவ்வோர் ஓடைப் புறம்போக்குக்கும் கண்மாய் வரத்துக்கும் எல்லைக்கல் நட வேண்டும். நகர் ஊரமைப்புத் துறை ஊருக்குள் கிடக்கும் காலி மனைகளையும் பாழ்வீடுகளையும் கணக்கெடுத்து, ஊரை ஒட்டிய விரிவுக்கு முதலில் வழி செய்ய வேண்டும். மண் ஆய்வு அறிக்கை இல்லாத மனைப்பிரிவு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரும் அரசு, கரிசல் வட்டங்களுக்கென்று தனி அஸ்திவார வரைபடத்தையும் அதற்கான கூடுதல் தொகையையும் தர வேண்டும். விரிசல் விட்ட வீட்டை ஏழைக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்வது உதவி ஆகாது.

எல்லைக்கல் நடும் வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. நில அளவர்களும் சங்கிலியும் சில வார உழைப்பும் போதும். புரட்டாசி விதைப்புக்கு முன், புஞ்சை காய்ந்து ஓடையின் தடம் கண்ணுக்குத் தெரியும் கோடையிலேயே மாவட்ட ஆட்சியர் அதற்கு நாள் குறிக்க வேண்டும்.