வௌவாலுக்கு மூன்று பெயர்

மதுரை மாசி வீதிகளில் முப்பத்தைந்து வருஷம் கடைகளுக்கு போர்டு எழுதியவன் நான். ஃப்ளெக்ஸ் வந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொள்ளும்வரை அதுதான் பிழைப்பு. கடைக்காரர்கள் எதற்கெல்லாம் பெயர் மாற்றுவார்கள் என்பது எனக்குப் பாடம். பாகம் பிரிந்தால் மாற்றுவார்கள். வியாபாரம் படுத்தால் மாற்றுவார்கள். நியூமராலஜிக்காரர் சொன்னார் என்று ஆங்கிலப் பெயரில் இன்னொரு ‘ஏ’யைச் சேர்க்கச் சொல்வார்கள், இடம் இருக்காது, நெருக்கியடித்து எழுதிக் கொடுப்பேன். அதனால்தான் அமெரிக்காவில் பேரன் ஒரு ரோலர் கோஸ்டரைக் காட்டி, “தாத்தா, இதுக்கு இது மூணாவது பேரு” என்றதும் கால் நகரவில்லை.

மகள் இருப்பது ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டிக்கு வடக்கே மேசன் என்ற ஊரில். கிங்ஸ் ஐலண்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா 1972 முதல் அங்கேதான் இருக்கிறது. பேரன் காட்டியதில் தண்டவாளம் தலைக்கு மேலே போகிறது. பெட்டிகள் அதில் தொங்கிக்கொண்டு, வளைவு வந்தால் ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் வீசியடிக்கின்றன. மணிக்கு 51 மைல், நம் கணக்கில் 82 கிலோமீட்டர். 1993இல் திறந்தபோது இதன் பெயர் ‘டாப் கன்’. 2008இல் ‘ஃப்ளைட் டெக்’, அதாவது போர்க்கப்பலின் விமானத் தளம். 2014 முதல் ‘தி பேட்’, அதாவது வௌவால். தண்டவாளத்துக்கு ஆரஞ்சு, தூண்களுக்குக் கரி நிறம். பாதை மட்டும் அன்று போட்டதுதான். எனக்கு ரத்த அழுத்தம். பையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.

“பழைய கள், புது மொந்தை. அவ்வளவுதான் மாமா” என்றார் மருமகன். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெயர் மாற்றினாலே ஏமாற்று வேலை என்று. போர்டு எழுதியவனுக்கு அது அவ்வளவு சுலபமான தீர்ப்பாகப் படவில்லை.

நடந்தது இதுதான். 1992இல் பாரமவுண்ட் சினிமா கம்பெனி இந்தப் பூங்காவை வாங்கியது. 1986இல் வந்த தன் போர் விமானப் படத்தின் பெயரை அடுத்த வருஷம் இந்தச் சவாரிக்குச் சூட்டியது. சொந்த வீடு, சொந்தப் பெயர், கேட்பாரில்லை. 2006இல் சீடர் ஃபேர் நிறுவனம் 124 கோடி டாலருக்குப் பாரமவுண்டின் பூங்காக்களை மொத்தமாக வாங்கிக்கொண்டது. இரும்பு, மரம், நிலம் எல்லாம் கைமாறியது. படத்தின் பெயர் படக் கம்பெனியோடதுதானே? வீட்டை வாங்குகிறவர் விற்றவரின் இனிஷியலையும் சேர்த்தா வாங்குகிறார்? அதே 2008இல் ‘இட்டாலியன் ஜாப்’ பெயரில் ஓடிய சவாரியும் ‘பேக்லாட் ஸ்டன்ட் கோஸ்டர்’ ஆகிவிட்டது. ‘தி அவுட்டர் லிமிட்ஸ்: ஃப்ளைட் ஆஃப் ஃபியர்’ என்று தொலைக்காட்சித் தொடரின் பெயரோடு 1996இல் வந்த இன்னொன்று, உரிமம் முடிந்ததும் 2001இல் முன்பாதியை உதிர்த்துவிட்டு ‘ஃப்ளைட் ஆஃப் ஃபியர்’ ஆனது. பாதி போர்டை அழித்தால் வேலை முடிந்தது. இப்படி ஓர் ஆர்டர் எனக்குக் கிடைத்ததே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் டேரியன் லேக் என்றொரு பூங்கா. அங்கே ‘சூப்பர்மேன்: ரைட் ஆஃப் ஸ்டீல்’ ஓடியது. 2007இல் பூங்காவை விற்றார்கள். சூப்பர்மேன் பறந்துவிட்டார், ஸ்டீல் மட்டும் நிற்கிறது.

ஆகவே பாதிக்கு மேல் இது வாடகை விவகாரம். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் இந்த ‘ஃப்ளைட் டெக்’ மாதிரி வேலையைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. சினிமாவின் பெயர் போய்விட்டது, போர்க்கப்பல் வாசனை மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய எழுத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது எழுத்தை ஏற்றச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. காசு மிச்சம் என்பார்கள். தெருவில் யாரும் புதுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வயதான ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கு இன்றைக்கும் அது ‘டாப் கன்’தான்.

2014இல் செய்தது வேறு ரகம். அதற்கு ஒரு பழைய கதை வேண்டும். இதே பூங்காவில் 1981இல் ‘தி பேட்’ என்ற பெயரில் முதல் வௌவால் வந்தது. பெட்டிகள் தொங்கிக்கொண்டு வீசும் நவீன ரகத்தில் அதுதான் முன்னோடி. வளைவுகளில் தண்டவாளத்தைப் போதுமான அளவு சாய்த்துப் போடவில்லை. வீசுகிற பெட்டியின் பாரமெல்லாம் இரும்பில் போய் விழுந்தது. ஓடிய நாளைவிடப் பழுதுபார்க்க நின்ற நாள்தான் பெரிய பேச்சு. 1983இல் மூடிவிட்டார்கள். பிற்பாடு பிரித்தே எடுத்தார்கள். அதாவது, தோற்றுப்போன சவாரி அது. முப்பது வருஷம் கழித்து அதே ரகத்தில் பிறந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றுக்கு அந்தப் பெயரைத் தூக்கி வைத்தார்கள்.

எனக்கு இது உடனே புரிந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். தாத்தா கடை வைத்து நொடித்துப்போனவரா, ஜெயித்தவரா என்று பார்த்தா பெயர் வைக்கிறோம்? என் பேரனுக்கு என் அப்பாவின் பெயர். அப்பா மூன்று தொழில் செய்து மூன்றிலும் தோற்றவர்.

வியாபாரக் கணக்கும் இருந்தது, மறைப்பானேன். அந்த 2014இல் பக்கத்திலேயே 2.4 கோடி டாலர் செலவில் ‘பேன்ஷீ’ என்ற புதிய கோஸ்டரைத் திறந்தார்கள். சாவை அறிவித்து ஓலமிடும் அயர்லாந்துப் பேய் அது. பேய்க்குப் பக்கத்தில் போர் விமானம் எடுபடுமா? வௌவால் எடுபடும். வேடிக்கை என்னவென்றால், இதே மாநிலத்தில் சீடர் பாயிண்ட் பூங்கா 1996இல் ஒரு சவாரிக்கு ‘பேன்ஷீ’ என்று பெயர் வைக்கப் பார்த்து, சாவுப் பேய் வேண்டாமென்று ‘மேன்டிஸ்’ ஆக்கியது. பதினெட்டு வருஷத்தில் பயம் தெளிந்துவிட்டது போல.

வாடகை பாக்கி இல்லாமலேயே மாற்ற வேண்டிய பெயர்களும் உண்டு. வர்ஜீனியாவில் கிங்ஸ் டொமினியன் என்று கிங்ஸ் ஐலண்டுக்கு ஒரு தங்கைப் பூங்கா. அங்கே 1975 முதல் இரட்டைத் தண்டவாள மரக் கோஸ்டர் ஒன்று ‘ரெபெல் யெல்’ என்ற பெயரில் ஓடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காப்பாற்ற நின்ற தென்மாநிலப் படையின் போர்க் கூச்சல் அது. கறுப்பினக் குழந்தைகளும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வரிசையில் நின்றார்கள். 2018இல்தான் ‘ரேசர் 75’ ஆனது. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய பெயர் போச்சே என்று வருத்தப்படுகிறவர்களின் வருத்தம் பொய்யில்லை. ஆனாலும் 43 வருஷம் ரொம்பத் தாமதம் என்பேன். மரம் அதே மரம்தான், பயமும் அதே பயம்தான். யாருக்கு என்ன நஷ்டம்? சிவப்பு எனாமலில் எழுதியதை அழிக்க ஒரு கோட்டு போதாது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை அடித்தால் ரோஸாகக் கசியும். மூன்று கோட்டாவது அடிக்க வேண்டும். அதற்காக அழிக்காமல் விடுவதா?

அன்று சாயங்காலம் பேரன் ‘தி பீஸ்ட்’ வரிசையில் நின்றான். 1979இல் வந்தது, 7,361 அடி நீளம், உலகத்திலேயே நீளமான மரக் கோஸ்டர். சினிமாவும் இல்லை, டிவியும் இல்லை, பூங்காவின் சொந்தப் பெயர். முதலாளி மாறினாலும் அந்தப் போர்டில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. ‘சன் ஆஃப் பீஸ்ட்’ என்று 2000இல் மகனையும் கொண்டுவந்தார்கள். 2012இல் பிரித்துப் போட்டார்கள். அந்த இடத்தில்தான் இப்போது பேன்ஷீ. அப்பன் இன்னும் ஓடுகிறான்.

2024 ஜூலையில் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் ஒன்றாகிவிட்டன. பேட்மேன், சூப்பர்மேன் பெயர்களை உரிமம் வாங்கிச் சவாரிகளுக்குச் சூட்டுவது சிக்ஸ் ஃப்ளாக்ஸுக்குப் பழக்கம். வௌவால் ஏற்கெனவே தயாராகத் தொங்குகிறது. அதன் பெயரோடு ‘மேன்’ சேர்க்க எத்தனை நேரம் ஆகும்? அப்படி ஒரு யோசனை யாருக்காவது வந்தால், அந்த ஆர்டரை நான் வாங்க மாட்டேன்.