பி.எம்.ஐ. கால்குலேட்டர் சொல்வதை நம்பலாமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால் என்றாவது ஒரு நாள் பி.எம்.ஐ. கால்குலேட்டர் இருக்கும் இணைய தளத்திற்குப் போவோம். நானும் போனேன். உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ என டைப் செய்து என்டர் தட்டினேன். 24.2 என்று வந்தது. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘நார்மல்’. அன்று மாலை டீயுடன் இரண்டு வடை அதிகமாகவே உள்ளே போயின.

சில மாதங்கள் கழித்து மெடிக்கல் செக்கப்பில் எச்.பி.ஏ.1.சி. அளவு 5.9 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டாக்டர் என் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. இஞ்ச் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். 96 செ.மீ.!

புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கால்குலேட்டரில் பக் எதுவும் இல்லை. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுக்கிறது, அவ்வளவுதான். குறை இன்புட்டில் இருக்கிறது. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது உடம்பில் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை நாம் சொல்வதும் இல்லை, அது கேட்பதும் இல்லை.

2004ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனேவைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 சதவீதம்! நம் ஊர்க்காரர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேர்கிறது. இந்தக் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன.

இதனால்தான் 2009ல் இந்திய டாக்டர்கள் வெளியிட்ட வரையறையில் பி.எம்.ஐ. 23ஐத் தொட்டாலே அதிக எடை. பல தளங்கள் இன்னும் 25 வரை பச்சை விளக்கு காட்டுகின்றன. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் பி.எம்.ஐ. கணக்குப்படி குண்டானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றை அளந்தபோது 39.5 சதவீதம். எந்த நாடு என்றோ இடுப்பளவு என்ன என்றோ கேட்காத கால்குலேட்டர் எனக்கு அரைகுறை சாப்ட்வேர்தான்.

தையல் டேப் இல்லாத வீடு உண்டா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவே சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். (வயிற்றை எக்கக் கூடாது!) ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். ‘என் பேன்ட் சைஸ் 34 தானே’ என்று சமாதானம் சொல்ல வேண்டாம். பேன்ட்டை நாம் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம்.

நான் எக்செல்லில் ஒரு ஷீட் போட்டு, மாதா மாதம் முதல் ஞாயிறன்று அளவைக் குறித்து வருகிறேன். போன மாதம் 93, இந்த மாதம் 92.