பழிக்கு முன் மறு சோதனை

கர்ப்பிணிகளின் இரத்தத்தில் மேகநோய் உண்டா என்று அறியச் செய்யப்படும் சோதனைகளுள் வி.டி.ஆர்.எல். என்பதும் ஒன்று. முடிவு ‘பாஸிடிவ்’ என்று வந்தால் சோதனைக் குழாயைப் பற்றி எவரும் ஐயுறுவதில்லை; பெண்ணின் ஒழுக்கத்தையே ஐயுறுகின்றனர். அவளுக்கு முன்னரே இருமுறை கரு சிதைந்திருக்குமாயின் கேட்கவே வேண்டியதில்லை. இவ்வழக்கம் கொடியது; விஞ்ஞானத்திற்கும் பொருந்தாதது.

வி.டி.ஆர்.எல். சோதனை நோய்க்கிருமியைத் தேடுவதன்று. 1941ஆம் ஆண்டில் மேரி பாங்போர்ன் என்னும் அம்மையார் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த ‘கார்டியோலிப்பின்’ என்ற கொழுப்புப் பொருளோடு இரத்தத்தின் தெளிநீர் வினைபுரிகிறதா என்றே அது பார்க்கிறது. மேகநோய் அறவே இல்லாதவரிடமும் அவ்வினை நிகழக்கூடும். அதற்குரிய காரணங்களுள் ஒன்று, 1983இல் இலண்டனில் கிரகாம் ஹியூஸ் என்னும் மருத்துவர் விளக்கிய ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்.

வெளிப்பகையை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் இந்நோயில் உடலின் சொந்தப் பொருளையே தாக்குகின்றன. இரத்தத்தில் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்னும் புரதம் வளையம்போல் மடிந்து திரிகிறது. உயிரணுக்களின் மேலுள்ள சில கொழுப்புப் பொருள்களில் ஒட்டும்பொழுது அது விரிந்து, மறைந்திருந்த பகுதியை வெளிக்காட்டுகிறது. எதிர்ப்பொருள் அங்கே பற்றிக்கொள்ளவே, இரத்தக் குழாயின் உட்சுவரும் இரத்தத் தட்டுகளும் தூண்டப்பட்டு இரத்தம் உறையத் தலைப்படுகிறது. விந்தை என்னவெனில், இதே எதிர்ப்பொருள் ஆய்வுக்கூடக் குழாயில் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. உறைதலுக்குத் தேவையான கொழுப்புப் பொருளை அங்கே அது மறித்துவிடுவதே காரணம். குழாயில் கண்டதை உடலுக்கும் அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது என்பதற்கு ஆசிரியர்கள் இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

எதிர்ப்பொருள் இருந்தும் பலர் நலமாகவே வாழ்கின்றனர். தொற்றுநோய், அறுவைச் சிகிச்சை, புகைபிடித்தல், கர்ப்பம் போன்ற வேறொரு தூண்டுதலும் சேரும்பொழுதே பெரும்பாலும் உறைகட்டி தோன்றுகிறது. கால் சிரையில் தோன்றினால் வீக்கம். மூளையில் தோன்றினால் இளவயதிலேயே பக்கவாதம். கர்ப்பத்திலோ, உறைகட்டியாலன்றி, எதிர்ப்பொருள் நேரே தாக்குவதாலும் நஞ்சுக்கொடி கெட்டுக் கரு அழிவதுண்டு.

ஆதலின் ‘பாஸிடிவ்’ முடிவு வந்தால், மேகநோய்க் கிருமிக்கே உரிய மற்றொரு சோதனையாலும் அதனை உறுதி செய்தல் வேண்டும். அதற்கிடையே மருத்துவர் பென்சிலின் கொடுக்கச் சொன்னால் தாமதிக்கலாகாது. உண்மையான மேகநோயும் சிசுவைக் கொல்லவல்லது. சிகிச்சை செய்வது வேறு, பழி சுமத்துவது வேறு. மேகநோய் இல்லையென்று தெளிந்தால் அத்துடன் ஏட்டை மூடிவிடுதலும் தவறு. எத்தனை முறை, எத்தனையாவது வாரத்தில் கரு சிதைந்தது, கால் வீங்கியதுண்டா என்பவற்றைக் குறித்து, அப்பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வி.டி.ஆர்.எல். முடிவு ‘இல்லை’ என வந்தவர்க்கும் இந்நோய் இருக்கலாமாதலால், கரு பலமுறை சிதைந்த பெண் எவரையும் இவ்வாறே அனுப்புவது நன்று.

தொற்றுநோய்க்குப் பின் இவ்வெதிர்ப்பொருள்கள் சில காலம் தோன்றி மறைவதும் உண்டு. ஆகையால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் சோதித்த பின்னரே நோயை உறுதி செய்கின்றனர். உறுதியானால், கர்ப்ப காலத்தில் மருத்துவர் மேற்பார்வையில் சிறிய அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்கப்படுகின்றன. அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் உயிருள்ள குழந்தையைப் பெறுகின்றனர்.