ஒரு வசனமா, முழுக் கடிதமா?



புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வருகிறது. தேவன் நமக்கு நன்மையையே நினைக்கிறார் என்று கூறும் அவ்வசனத்தைச் சுவரிலும் மாட்டி வைக்கிறோம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவிலுள்ள வரி என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. இரண்டு வருஷத்திற்குள் எல்லாம் சரியாகும் என்று அனனியா சொன்னான். ஜனங்கள் கேட்க விரும்பியதும் அதுவே. தேவனோ 70 வருஷம் என்றார். அதுவரை வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யவும், தாங்கள் சிறையிருக்கும் பட்டணத்துக்காக ஜெபிக்கவும் கட்டளையிட்டார். அக்கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் திரும்பிவரும் நாளைக் காணப்போவதில்லை. ஆகிலும் வாக்குத்தத்தம் அவர்களுக்கும் உரியதாயிருந்தது.

அட்டை எடுப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. வசனத்தைத் தனியே பிடுங்கினால், நம் விருப்பத்தின் எதிரொலியையே தேவசத்தமென்று எண்ணிவிடுவோம் என்பதே என் பாரம். வேலை கிடைக்காமலும் வியாதி தீராமலும் டிசம்பர் வந்துவிட்டால், தேவன் தங்களைக் கைவிட்டாரோ என்று கலங்குகிறவர்கள் நம் சபையிலும் உண்டு. காத்திருப்பும் அவருடைய திட்டத்திற்குள் அடங்கும் என்று முன்னமே போதியாதது போதகனாகிய என் குறையே.

இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் சத்தமாய் வாசியுங்கள். நீங்கள் காத்திருக்கும் இடத்தில் எதைக் கட்டவும் எதை நாட்டவும் அவர் சொல்லுகிறார் என்று கேளுங்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.