எழுத்துப் பிழையில் ஆள் பிடிக்க வேண்டாம்



போன கூட்டத்தில் வந்த முன்மொழிவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் போட்டியாக நிதி சேர்க்கிற அமைப்பின் இணையப் பெயரில் ஒரேயொரு எழுத்தை மாத்தி நாங்கள் பதிவு செய்யிறது. அங்க வாற ஆளைச் சத்தமில்லாமல் எங்கட பக்கத்துக்குத் திருப்பி விடுறது. வருடத்துக்கு இரண்டு டோனர் வாங்கிற காசுதான் செலவு. "அவை செய்யாததையா நாங்கள் செய்யப்போறம்?" என்று ஒரு அண்ணா கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் நான் இதை எதிர்த்து வாக்களிக்கப்போகிறேன்.

பதிவு செய்வது சுலபம்தான். ஜேர்மன் டொமைன்களை நிர்வகிக்கும் டெனிக், பிராங்பேர்ட்டில் இருக்கிற ஒரு கூட்டுறவுச் சங்கம். முதலில் கேட்டவருக்குப் பெயர். உரிமை இருக்கா என்று அது பார்ப்பதில்லை. சண்டை வந்தால் நீதிமன்றம்தான்.

அப்படி ஒரு சண்டை 2014 ஜனவரியில் கார்ள்ஸ்ரூவவில் உள்ள சமஷ்டி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வெட்டர்ஒன்லைன் என்ற வானிலைத் தளத்தின் பெயரில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஒருவர் பதிவு செய்திருந்தார். மழை வருமா என்று பார்க்க வந்த சனம் தனியார் மருத்துவக் காப்புறுதி விளம்பரத்தில் போய் விழுந்தது. இது நியாயமற்ற போட்டி என்றது நீதிமன்றம். ஆனால் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. 'நீங்கள் தேடி வந்த தளம் இதில்லை' என்று வந்தவுடனேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் குற்றமில்லையாம்.

எனக்கு இடிக்கிறது அதன் காரணம். அடுத்தவரின் வாடிக்கையாளரை வழியில் மறித்துப் பிடிப்பது பிழை என்கிறது சட்டம், சனம் ஏதோ கம்பனியின் சொத்து மாதிரி. இடதுசாரிகள் நாங்கள் அதை ஏற்க முடியாது. ஆனால் சனம் அவர்களின் சொத்து இல்லையென்றால் எங்கட சொத்தும் இல்லை. பிறகு எந்த உரிமையில் மறிக்கிறோம்?

சட்டத்தைக் கண்டு பயந்து இதைச் சொல்லவில்லை. சட்டம் யார் பக்கம் என்று தெரியும். ஷெல் என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு தனிமனிதர் அந்த டொமைனை வைத்திருந்தார். 2001 நவம்பரில் அதே நீதிமன்றம், எண்ணெய்க் கம்பனிக்காக அவர் அதைக் கைவிட வேண்டும் என்றது. முதலில் கேட்டவருக்கு என்ற விதி அவ்வளவுதான்! அதற்கு ஒரு மாதம் முன்பு பேர்லினில், எல்ஃப் கம்பனியின் பெயரை வைத்தே அதை விமர்சித்த கிரீன்பீஸ் மேன்முறையீட்டில் வென்றது. 2018இல் ஏ.எஃப்.டி. அரசியல்வாதிகள் சொன்னதையெல்லாம் தொகுத்து, 'நாங்கள்தான் ஏ.எஃப்.டி.' என்று பொருள்படும் பெயரில் தளம் நடத்தியவர் கொலோனில் தோற்றார். நான் அவர் பக்கம்தான். அந்தப் பக்கத்தைத் திறந்த எவருக்கும் யாரை யார் விமர்சிக்கிறார் என்று உடனே விளங்கும்.

எங்கட திட்டத்தில் அப்படி ஏதாவது இருக்கா? ஒரு வரி விமர்சனமும் இல்லை. வந்த ஆளுக்குத் தான் இடம் மாறி வந்தது தெரியக்கூடாது என்பதுதான் முழுத் திட்டமும். பெயரைப் பிழையாக அடிக்கப்போறது யார்? நீங்களும் நானும் இல்லை. 'தமிழ்' என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் ஒருவர் 'எல்' போட்டு முடிப்பார், இன்னொருவர் 'இசட்-எச்' போடுவார். 'ஈழம்' இன்னும் மோசம். எங்கட பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது, அதனால் எங்கட சனத்தைப் பிடிக்கிறது மற்றவர்களைவிடச் சுலபம். ஹாமில் இருந்து முப்பது யூரோ அனுப்ப நினைக்கிற ஒரு அன்ரி, தான் நம்பிய இடத்துக்கு அனுப்பியதாகவே நினைப்பார். அவரை ஏமாத்தி எடுத்த காசில் நாங்கள் சுரண்டலைப் பற்றித் துண்டுப்பிரசுரம் அடிப்போமா?

அவையும் இதைச் செய்யலாம் என்ற பயம் நியாயமானது. அப்படியென்றால் எங்கட சொந்தப் பெயரின் எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் நாங்களே வாங்கிவைப்போம்; எங்களைத் தேடினவர் எங்களிடமே வந்து சேருவார். அந்த அமைப்பின் கணக்கு வழக்கில் கேள்வி இருந்தால், எங்கட பெயரைப் போட்டு, எங்கட தளத்தில் கேட்போம். இந்த இரண்டையும் மாற்று முன்மொழிவாகக் கொண்டுவருகிறேன். ஆதரிக்கிறவர்கள் கூட்டத்துக்கு முதல் எனக்கு எழுதுங்கோ.